பாத்திரக்கடையின் பெயரில் ஒரு சிவப்புக் கோடு

நம் அலுவலகத்துக் கண்காணிப்பு மென்பொருள் எல்லாவற்றையும் பார்க்கிறது, ஆனால் எந்த இணைப்பையும் தானாகத் துண்டிப்பதில்லை. அந்த அதிகாரத்தை ஏன் அதற்குக் கொடுக்கவில்லை என்று, வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே உங்களில் ஒருவர் கேட்டார். நான் ஓய்வுபெறப் போகும் நேரம். ஒப்படைக்க வேண்டிய வேலைகள் மேசை முழுவதும் கிடந்தன. "அப்புறம் சொல்றேம்ப்பா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அதை இப்போது எழுதுகிறேன்.

நம் முதலாளி தஞ்சாவூரில் கேபிள் டிவி நடத்தி, பிறகு இணைய இணைப்புக் கொடுக்கத் தொடங்கியவர். பட்டுக்கோட்டை, அதிராம்பட்டினம் வரைக்கும் கம்பி இழுத்த பிறகு வாடிக்கையாளர்கள் பெருகினார்கள், புகார்களும் பெருகின. "நெட் ஸ்லோவா இருக்கு" என்று போன் வந்தால், எங்கே தாமதம், யாரால் தாமதம் என்று கண்டுபிடிப்பதற்குள் எங்களுக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

அந்தச் சமயத்தில்தான் பெங்களூரில் ஒரு சின்ன நிறுவனம் புதிய கண்காணிப்பு மென்பொருள் ஒன்றை எழுதிக்கொண்டிருப்பதாக முதலாளிக்குத் தகவல் வந்தது. அது பீட்டா பதிப்பு. அதாவது வேலை இன்னும் முடியவில்லை. பயன்படுத்திப் பார்ப்பவர்கள்தான் குறைகளைக் கண்டு சொல்ல வேண்டும். அதற்குப் பதிலாக இலவசமாகக் கொடுக்கிறார்கள். முதலாளிக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"வளர்மதிம்மா, நேரா நம்ம மெயின் சர்வர்லயே போட்டுடுங்க. அதுவே பாக்குமாம், சந்தேகமா இருந்தா அதுவே கட் பண்ணிடுமாம். நீங்க நிம்மதியா டீ குடிக்கலாம்."

"முதல்ல என் சொந்தக் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாக்குறேன் சார்."

"ஏன், பயமா?"

"பயமெல்லாம் இல்ல சார். நேத்து வேலைக்கு வந்த ஆளுகிட்ட இன்னைக்கே சாவிக்கொத்தத் தூக்கிக் குடுப்பமா?"

அவர் சிரித்துவிட்டார். ஆனாலும் மனசில்லாமல்தான் ஒப்புக்கொண்டார்.

என் வீட்டில் ஒரு கணினி சும்மா இருந்தது. மகன் கல்லூரியில் படிக்கும்போது வாங்கியது. ஓசூரில் வேலை கிடைத்ததும் விட்டுவிட்டுப் போய்விட்டான். அதிலிருந்த அவனுடைய புகைப்படங்களை எடுத்து வைத்துவிட்டு, எல்லாவற்றையும் அழித்து, புதிதாக இயங்குதளம் ஏற்றினேன். மறுநாள் காலை ஸ்கூட்டியில் கால் வைக்கும் இடத்தில் சிபியூவை வைத்து, இரண்டு காலாலும் அணைத்துக்கொண்டு அலுவலகத்துக்குக் கொண்டுவந்தேன். பழைய பேருந்து நிலையம் பக்கம் ஒரு போக்குவரத்துக் காவலர் நிறுத்தி, "எங்கம்மா இதைத் தூக்கிட்டுப் போறீங்க?" என்று கேட்டார். "ஆபீசுக்குத்தான் சார், என்னுதுதான்" என்றேன். நம்பாமல்தான் விட்டார்.

மென்பொருளை நிறுவுவது பெரிய வித்தை ஒன்றுமில்லை. நடுவில் ஓர் இடத்தில் அது கேள்வி கேட்டது. நம் ரௌட்டர்களுக்குள் நுழைய 'முழு அனுமதி' கொடுக்கிறீர்களா? பச்சை நிறத்தில் பெரிய பொத்தான். அதற்குக் கீழே, சாம்பல் நிறத்தில், உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற அளவில் இன்னொன்று: 'பார்வை மட்டும்'. நான் சாம்பல் நிறத்தை அழுத்தினேன். அதற்காகவே ரௌட்டர்களில் ஒரு புதிய பயனர் கணக்கை உருவாக்கி, எதையும் மாற்ற முடியாதபடி செய்து, அந்தக் கடவுச்சொல்லைத்தான் மென்பொருளுக்குக் கொடுத்தேன்.

மென்பொருளுக்கு அது பிடிக்கவில்லை. தினமும் காலையில் திரையின் மேல்பக்கம் ஒரு பட்டை வந்து நிற்கும்: முழு அனுமதி வழங்கப்படவில்லை, பாதுகாப்பு அரைகுறையாக உள்ளது. பக்கத்து நாற்காலியில் இருந்த பிரபு அதைப் படித்துவிட்டு, "என்னக்கா, இன்னைக்கும் கோவிச்சுக்கிட்டு இருக்கு" என்பான். எங்கள் பிரிண்டரைப் பார்த்து, அத்துமீறி நுழைந்த ஆள் என்று ஒருநாள் முழுக்கக் கத்தியது. கரண்ட் போய் வந்தால் அன்றைய கணக்கை மறந்துவிடும். ஆனால் நல்ல குணமும் இருந்தது. எந்த வாடிக்கையாளரின் இணைப்பில் எவ்வளவு போகிறது, வருகிறது என்பதைக் கோடு கோடாக, அவர்கள் பெயரோடு, அழகாகக் காட்டும். எனக்கு அது பிடித்துப்போயிற்று. குறைகளை எழுதி அனுப்புவேன், அவர்களும் திருத்தி அனுப்புவார்கள். இப்படியே சில வாரங்கள் போயின.

மேட்டூரில் தண்ணீர் திறக்கப்போகிற சமயம். வாய்க்கால்களில் எல்லாம் தூர்வாரும் வேலை மும்முரமாக நடந்தது. உங்களுக்குத் தெரிந்ததுதான், அந்த மாதத்தில் பொக்லைன் சத்தம் கேட்டாலே, நம் கேபிள் எங்கே ஓடுகிறது என்றுதான் முதலில் பார்ப்போம். பட்டுக்கோட்டைக்குத் தெற்கே ஒரு வாய்க்கால் கரையில் பொக்லைனின் கை கொஞ்சம் ஆழமாக இறங்கி, நம் ஃபைபர் கேபிளை அள்ளி எடுத்துவிட்டது. நம்முடையது மட்டுமில்லை. அதே பள்ளத்தில்தான் மற்ற நிறுவனங்களின் கேபிள்களும் ஓடின. அதிராம்பட்டினத்தில் செல்போன் இணையமும் அதோடு சேர்ந்து படுத்துவிட்டது. பேச முடிந்தது, அதற்கு மேல் ஒன்றும் நகரவில்லை.

கோபுரத்துக்குக் கோபுரம் காற்றில் போகும் மாற்று வழி ஒன்று நம்மிடம் உண்டு. அது மிகவும் குறுகல். ஆற்றுத் தண்ணீரை வயல் மடையில் திருப்பியது போலத்தான். வீடுகளின் இணைப்பையெல்லாம் பெயருக்கு ஓடும் அளவுக்குக் குறைத்துவிட்டு, கேபிளை ஒட்டப்போகும் ஆட்களை அனுப்பிவிட்டு, பிரபுவும் நானும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

முதலாளி அன்றைக்கு அலுவலகத்தில் இல்லை. அதிராம்பட்டினத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். அவருக்கு நெருங்கிய குடும்பம். அந்த ஊரில் நாம் முதன்முதலில் கம்பி இழுத்தபோது, சாமான்கள் வைக்கத் தங்கள் வீட்டு முன்கட்டையே கொடுத்தவர்கள். மணப்பெண்ணின் வாப்பா வளைகுடாவில் வேலை செய்கிறார். கடைசி நேரத்தில் விடுப்பு கிடைக்கவில்லை. முறைப்படி பெண்ணுக்கான பொறுப்பை அவருடைய தம்பி ஹாஜா ஏற்றுக்கொண்டிருந்தார். ஆனாலும் நிக்காஹ்வைக் கண்ணால் பார்க்க வேண்டும், மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் தன் வாயால் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று அந்த மனிதருக்கு ஆசை. வீடியோ காலுக்குத் தானே பொறுப்பு என்று முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார்.

அவரிடமிருந்து போன் வந்தது. பின்னால் கூட்டத்தின் சலசலப்பு.

"வளர்மதிம்மா, படம் நின்னு நின்னு வருது. பொண்ணோட வாப்பா அங்க தொப்பி, புதுச்சட்டை எல்லாம் போட்டுட்டு உக்காந்திருக்காரு. கூட இருக்கறவங்க எல்லாம் அவரு ரூம்ல வந்து நிக்கிறாங்க. இங்கேர்ந்து ஒண்ணும் போகல. நிக்காஹ் ஓதி வைக்கிற ஹஜரத்துக்கு வேற ஊர்ல இன்னொரு நிக்காஹ் இருக்காம். மணியப் பாத்துக்கிட்டே இருக்காரு."

"கேபிள் வெட்டிட்டாங்க சார். சின்ன வழியிலதான் ஓடுது."

"அது தெரியும்மா. அந்தச் சின்ன வழியிலயும் யாரு அடைச்சுக்கிட்டு நிக்கிறா? அதப் பாருங்க."

பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. என் பழைய கணினியின் திரையில் ஒரே ஒரு கோடு மட்டும் தடித்த சிவப்பில் ஏறி நின்றது. அதிராம்பட்டினத்திலிருந்து வெளியே போகிற வழியில் பெரும்பகுதியை அந்த ஓர் இணைப்பே எடுத்துக்கொண்டிருந்தது. கடைவீதியில் உள்ள ஒரு பாத்திரக்கடையின் பெயர் அதில் இருந்தது. பக்கத்திலேயே மென்பொருள் தன் தீர்ப்பையும் எழுதிவிட்டது: வழக்கத்துக்கு மாறான அப்லோடு, தகவல் திருட்டாக இருக்கலாம், உடனே துண்டிக்கவும். அதற்குக் கீழே இன்னொரு வரி. முழு அனுமதி இருந்திருந்தால் இந்த இணைப்பு ஏற்கெனவே துண்டிக்கப்பட்டிருக்கும்.

முதலாளியிடம் சொன்னேன்.

"பாத்திரக்கடையா? அண்டா குண்டான் விக்கிறவருக்கு அவ்வளவு அனுப்ப என்ன இருக்கு? ஏதோ வைரஸ்தான். கட் பண்ணுங்கம்மா."

பிரபு அதற்குள் ரௌட்டரைத் திறந்து, அந்த இணைப்பின் மேல் வந்து நின்றான். "ஒரு தட்டு தாங்க்கா. தட்டட்டுமா?"

உண்மையைச் சொன்னால், எனக்கும் தட்டத்தான் தோன்றியது. முதலாளி சொல்கிறார், மென்பொருள் சொல்கிறது, பெயரும் பொருந்தவில்லை. கல்யாண வீட்டில் அத்தனை பேர் காத்திருக்கிறார்கள். பாத்திரக்கடையின் இணையம் கொஞ்ச நேரம் நின்றால் யாருக்கு என்ன நஷ்டம்? பின்னால் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம்.

ஆனால் ஒன்று உறுத்தியது. திரையில் தெரிந்தது அளவு மட்டும்தான். என்ன போகிறது, எதற்காகப் போகிறது என்று அதற்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. முதலாளிக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் அந்தக் கடையில் இருக்கிறார்கள், அவர்களுடைய எண் நம்மிடம் இருக்கிறது.

"கொஞ்சம் இரு பிரபு. ஒரு போன் போட்டுடறேன்."

"அக்கா, சார் லைன்ல இருக்காரு."

"இருக்கட்டும்."

கடைக்காரர் முதல் மணியிலேயே எடுத்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"நான் எதும் அனுப்பலியேம்மா. கம்ப்யூட்டரே தொறக்கல இன்னைக்கு. பில்லு போடுற பொண்ணு லீவு."

"உங்க கனெக்ஷன்லேர்ந்துதாங்க போகுது. வேற யாராவது பயன்படுத்துறாங்களா?"

"வேற யாரு... அட, மாடில இருக்காங்களே! ஸ்கேன் சென்டருக்கு வாடகைக்கு விட்ருக்கேன். அவங்க கனெக்ஷன் வர்ற வரைக்கும் நம்மளதுலேர்ந்து ஒரு வயர் இழுத்துக்கிட்டாங்க. இருங்க, மேல போறேன்."

அவர் படி ஏறுவது கேட்டது. மூச்சு வாங்கியது. கதவு திறக்கும் சத்தம். பிறகு ஒரு பெண்ணின் குரல், படபடப்பை அடக்கிக்கொண்டு பேசியது.

"ஆமாங்க, நாங்கதான் அனுப்பிட்டு இருக்கோம். தலையில அடிபட்ட கேஸ். பைக்ல வந்தவரு, லாரி உரசிடுச்சு. சி.டி. ஸ்கேன் எடுத்தாச்சு. தஞ்சாவூர்ல டாக்டர் படத்தப் பாத்துச் சொல்லணும். பாத்தாத்தான் உடனே தூக்கிட்டு ஓடணுமா, இங்கயே ஏதாவது செஞ்சுட்டு அனுப்பணுமான்னு தெரியும். தயவுசெஞ்சு கட் பண்ணிடாதீங்க. பாதிதான் போயிருக்கு. நின்னுட்டா மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கும்."

"இன்னும் எவ்வளவு நேரம் காட்டுது?"

"அரை மணி நேரம்னு காட்டுதுங்க. ஏறி ஏறி இறங்குது."

பிரபு கையை மவுசிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். யாரும் அவனை எடுக்கச் சொல்லவில்லை.

நேரம் ஏன் ஏறி இறங்குகிறது என்று எனக்குப் புரிந்தது. கல்யாண வீட்டு வீடியோவுக்கு முதலாளி முன்கூட்டியே முன்னுரிமை கொடுக்கச் சொல்லியிருந்தார். இரண்டு பேரும் ஒரே மடையில் முட்டிக்கொண்டிருந்தார்கள். இருவருக்கும் பாதிப் பாதி கொடுத்தால் இருவருக்குமே ஒழுங்காகப் போகாது. ஒருவர் நிறுத்தியாக வேண்டும். கல்யாண வீட்டின் முன்னுரிமையை இங்கிருந்தே நான் எடுத்துவிடலாம். அவர்களுக்கு என்ன நடந்தது என்றுகூடத் தெரியாது. அதையும் நான் செய்ய விரும்பவில்லை. பாத்திரக்கடையைக் கேட்காமல் துண்டிப்பது தவறென்றால், கல்யாண வீட்டைக் கேட்காமல் துண்டிப்பது மட்டும் எப்படிச் சரியாகும்?

முதலாளியிடம் நடந்ததைச் சொன்னேன்.

"நான் இத இங்க எப்படிம்மா சொல்றது? வாக்குக் குடுத்திருக்கேன்."

"நீங்க சொல்ல வேணாம் சார். போனை ஹாஜா பாய்கிட்ட குடுங்க. நான் பேசுறேன்."

மணப்பெண்ணின் சாச்சா ஹாஜா பேசினார். சலிப்பு குரலில் தெரிந்தது. "சொல்லுங்கம்மா, சரியாயிடுமா?"

"ஆயிடுங்க. அதுக்கு முன்னால உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்." பாத்திரக்கடை மாடியில் இருப்பவரைப் பற்றிச் சொன்னேன். "நீங்க வீடியோவ நிறுத்தினா அந்தப் படம் சீக்கிரம் போயிடும். அது முடிஞ்ச உடனே உங்களுக்கு முழுசாத் தொறந்து விடுறேன். ஹஜரத்து அவசரத்துல இருக்காருன்னு தெரியும். உங்களக் கேக்காம செய்யக் கூடாதுன்னுதான் கூப்பிட்டேன்."

"நம்மூர் ஆளா?"

"அதெல்லாம் நான் கேக்கலீங்க."

"சரி, யாரா இருந்தா என்ன." போனைக் கையில் பிடித்தபடியே அவர் யாரிடமோ பேசுவது கேட்டது. ஹஜரத்தின் குரலாக இருக்க வேண்டும், வயதான குரல், ஏதோ ஒரு வரி சொன்னார். பிறகு ஹாஜா திரும்பி வந்தார். "நிறுத்திக்கச் சொல்லிட்டாங்க. அடுத்த நிக்காஹ்வுக்கு ஹஜரத்தே போன் போட்டு, தாமதமாகும்னு சொல்றாங்க. நான் அண்ணனுக்குச் சாதாக் கால் போட்டு விஷயத்தச் சொல்லிடறேன். நீங்க அதப் பாருங்கம்மா."

திரையில் கல்யாண வீட்டுக் கோடு விழுந்தது. சிவப்புக் கோடு இன்னும் உயரமாக ஏறியது. மென்பொருள் மறுபடியும், இன்னும் பெரிய எழுத்தில், உடனே துண்டிக்கச் சொன்னது. நானும் பிரபுவும் அந்தக் கோடு ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். சிவப்பு நிறத்தைப் பார்த்து அவ்வளவு நிம்மதிப்பட்டது அன்றைக்கு மட்டும்தான்.

கோடு சட்டென்று தரைக்கு விழுந்தபோது, வேலை முடிந்ததா, இணைப்பே அறுந்துவிட்டதா என்று ஒரு கணம் தெரியவில்லை. பாத்திரக்கடைக்காரர் போனை வைக்கவே இல்லை போலிருக்கிறது. "போயிடுச்சும்மா! டாக்டர் பாத்துட்டாராம்!" என்று கத்தினார். அவர் எப்போதிருந்து மாடியிலேயே நிற்கிறாரோ தெரியாது. கீழே கடையை யார் பார்த்துக்கொண்டார்களோ அதுவும் தெரியாது.

கல்யாண வீட்டுக்குத் திறந்துவிட்டோம். முதலாளி தன் போனை அணைக்காமல் தூக்கிப் பிடித்திருந்தார். இரைச்சலுக்கு நடுவே, கடல் தாண்டி வந்து ஒரு ஸ்பீக்கர் வழியாக எங்கள் போனுக்குள் விழுந்த அந்த வாப்பாவின் குரலை நாங்களும் கேட்டோம். மகளின் பெயரைச் சொன்னார். மறுபடியும் அதே பெயரைச் சொன்னார். யாரோ "மெதுவாச் சொல்லுங்க, லைன் நல்லாருக்கு" என்றார்கள். பிரபு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் அப்போது கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் முதலாளி பிரியாணிப் பொட்டலங்களோடு வந்தார். நேராக என் பழைய கணினியின் முன்னால் உட்கார்ந்து, முந்தைய நாளின் பதிவைக் காட்டச் சொன்னார். துண்டிக்கவும், துண்டிக்கவும் என்று வரிசையாக நின்றதைப் படித்தார். எந்த நிமிடத்தில் அது முதலில் துண்டித்திருக்கும் என்று விரலால் தேடினார். ஸ்கேன் அனுப்பத் தொடங்கிய உடனேயே.

"மெயின் சர்வர்ல போட்ருந்தா, நமக்குத் தெரியவே தெரியாதுல்ல?" என்றார்.

"தெரியாது சார். நெட் நல்லாத்தானே ஓடுதுன்னு நெனச்சிருப்போம்."

மென்பொருளைப் பிறகு பிரதான சர்வரிலும் ஏற்றினோம், பார்வை மட்டும் என்ற அனுமதியோடு. இன்றுவரை அப்படியே இருக்கிறது.

பெங்களூர்க்காரர்களுக்கு இதை எழுதினேன். அங்கே வேலை செய்யும் ஒரு பெண் என்னைக் கூப்பிட்டாள். உங்கள் வயதுதான் இருக்கும். "மேடம், அப்லோடு வழக்கத்துக்கு மாறாத்தானே இருந்துச்சு? அதைச் சரியாத்தானே பிடிச்சிருக்கு?" என்று கேட்டாள். அவள் சொன்னதும் நியாயம்தான். பிடித்ததில் தவறில்லை, பிடித்த பிறகு என்ன செய்யச் சொல்கிறது என்பதில்தான் எனக்குப் பேச்சு என்றேன். "சிவப்பு வந்தா, பக்கத்துல அந்த வாடிக்கையாளரோட போன் நம்பரக் காட்டும்மா. துண்டிக்கிற பொத்தானை அதுக்குக் கீழ வை." எழுதிக்கொள்வதாகச் சொன்னாள். அடுத்த பதிப்பில் போன் எண் வந்தது. நீங்கள் இன்றைக்குத் திரையில் பார்ப்பது அதைத்தான். பச்சைப் பொத்தான் பெரிதாக இருப்பதை மட்டும் அவர்கள் மாற்றவே இல்லை. அதனால் அதைப் பார்த்து அவசரப்பட வேண்டாம்.

சில நாட்கள் கழித்து ஒரு வெளிநாட்டு எண்ணிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. மணப்பெண்ணின் வாப்பா. முதலாளியிடம் கேட்டு எண்ணை வாங்கியிருக்கிறார். நன்றி சொல்லக் கூப்பிடுகிறார் என்று நினைத்து, "கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுதுங்களா, பொண்ணு மாப்பிள்ளை நல்லா இருக்காங்களா?" என்றேன்.

"அல்ஹம்துலில்லாஹ், நல்லா இருக்காங்கம்மா. நான் அதுக்குக் கூப்பிடல. அன்னைக்கு ஒருத்தருக்குத் தலையில அடின்னு சொன்னீங்களாமே. அவரு எப்படி இருக்காரு?"

எனக்குத் தெரியவில்லை. அப்படியே சொன்னேன். கேட்டுச் சொல்வதாகச் சொல்லி வைத்தேன். ஸ்கேன் சென்டருக்குப் போன் செய்து, பேரும் ஊரும் எதுவும் வேண்டாம், ஆள் எப்படி என்று மட்டும் சொன்னால் போதும் என்றேன். அதே பெண்தான் எடுத்தாள். உடனே தஞ்சாவூருக்குத் தூக்கிப் போனார்களாம், ஆபரேஷன் ஆயிற்றாம். முந்தைய நாள் அவருடைய மனைவி ஃபிலிம் வாங்கிப்போக வந்திருந்தார். "கஞ்சி பிடிக்கலைன்னு சண்டை போடுறாருன்னு சொன்னாங்க" என்றாள்.

திரும்ப அழைத்து அதை அப்படியே அவரிடம் சொன்னேன். பின்னால் ஏதோ இயந்திரம் ஓடும் சத்தம்.

"என் மக நிக்காஹ் நடந்த நாளு, இன்னொரு வீட்டுல ஒருத்தரு மவுத்தாப் போன நாளா ஆயிடக் கூடாதேன்னு அஞ்சு வேளையும் துஆ கேட்டுக்கிட்டு இருந்தேம்மா" என்றார். "சரி, ஷிஃப்ட்டுக்குக் கூப்பிடுறாங்க. வைக்கிறேன்."